ஆற்றில் கரையாத புளி

‘நிறை உடையது எதுவோ, இடத்தை அடைத்துக்கொள்வது எதுவோ, அதுவே பருப்பொருள்.’ இந்த வரையறையை ஒருமுறையேனும் மனனம் செய்யாமல் படிவம் ஒன்றைக் கடந்தவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. தமிழ்ப்பள்ளியில் திடம், திரவம், வாயு என்று படித்தோம். இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்ததும் அவையே பெப்பெஜால், செச்சாயிர், காஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டன. பருப்பொருள் ‘ஜிரிம்’ ஆனது. மலாய் மொழி அரபு மொழியிடம் கடன் வாங்கிய சொல் அது. பல்கலைக்கழகம் வந்த பிறகு மூன்றாவது முறையாக எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பெயர்கள் வந்து சேர்ந்தன. ஒரே பாடம், மூன்று மொழிகள், மூன்று தேர்வுகள். பாடத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் என்று நம்மைச் சொல்லலாம்.

ஆனால் கரைதல் என்றால் என்ன? கரையாதது எங்கே போகும்? இந்தக் கேள்விகளை நம் ஜோகூர் மாநிலத்து மக்களிடம் தேர்வுத்தாள் கேட்கவில்லை. ஓர் ஆறு கேட்டது. அந்த ஆற்றின் பெயர் கிம் கிம். அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள முனைவர் பட்டம் தேவையில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நாம் கற்ற பருப்பொருள் பாடமே போதும் என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2019 மார்ச்சில் நடந்தது

பாசீர் கூடாங் நம் மாநிலத்தின் பெரிய தொழிற்பேட்டை. துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள், இரசாயனத் தொழிற்சாலைகள், அவற்றை ஒட்டியே குடியிருப்புகள், பள்ளிக்கூடங்கள் என அமைந்த வட்டாரம். 2019 மார்ச் 7ஆம் நாள் இங்குள்ள கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டவிரோதமாக ஊற்றப்பட்டது தெரிய வந்தது. அன்றைய தினமே ஆற்றுக்கு அருகிலிருந்த தாமான் பாசீர் பூத்தே பகுதிப் பள்ளிகளில் மாணவர்களுக்கு மூச்சுத்திணறலும் வாந்தியும் தலைச்சுற்றலும் ஏற்பட்டன. பள்ளிகள் மூடப்பட்டன.

அதோடு அது முடிந்துவிடவில்லை. சில நாள்கள் கழித்து, மார்ச் 11ஆம் நாள் முதல் இரண்டாவது அலை போலப் பாதிப்பு பன்மடங்கு பெருகியது. மார்ச் 13ஆம் நாள் பாசீர் கூடாங் வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடுமாறு கல்வி அமைச்சு உத்தரவிட்டது. மொத்தத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சை நாடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள்.

நான் அப்போது படிவம் மூன்று மாணவன். மாசாய் வட்டாரத்தில் எங்கள் வீடு. மூடப்பட்ட 111 பள்ளிகளில் என் பள்ளியும் ஒன்று. வீட்டில் சன்னல்களை அடைத்துவிட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது பாட்டி ஒரு கேள்வி கேட்டார்கள். இளமையில் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள் அவர்கள். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை.

“ஆத்துல ஊத்துனது தண்ணியோட கடலுக்குப் போயிருக்கணும்ல? ஆத்துல கரைச்ச புளி மாதிரி இருந்த எடம் தெரியாம போற சாமான், எப்படிப்பா பள்ளிக்கூடத்துக்குள்ள வந்துச்சு?”

அந்த வாரம் தொலைக்காட்சியில் பேசிய பலரையும்விட என் பாட்டி சரியான கேள்வியைக் கேட்டார்கள் என்றே இன்றும் எண்ணுகிறேன். அந்தக் கேள்வியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்போம்.

கரைவதும் மிதப்பதும்

‘ஆற்றில் கரைத்த புளி’ என்ற நம் பழமொழிக்குப் பின்னால் ஓர் அறிவியல் இருக்கிறது. புளியின் புளிப்புக்குக் காரணமான அமிலமும் அதிலுள்ள சர்க்கரையும் நீரில் நன்றாகக் கரையக்கூடியவை. கரைதல் என்றால் மறைதல் அன்று. ஒரு பொருளின் துகள்கள் ஒன்றை ஒன்று விட்டுவிட்டு, நீரின் துகள்களுக்கு இடையே போய் அமர்ந்துகொள்வதே கரைதல். ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 360 கிராம் சமையல் உப்பு கரையும். கண்ணுக்கு உப்பு தெரியாது. நாக்கில் வைத்தால் அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எல்லாப் பொருளும் நீரோடு இப்படி உறவு கொள்வதில்லை. இரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெயைப் பாருங்கள். எவ்வளவு கலக்கினாலும் சற்று நேரத்தில் தனியே பிரிந்து மேலே வந்துவிடும். நீரின் துகள்கள் ஒன்றை ஒன்று இறுகப் பற்றிக்கொள்பவை. எண்ணெயின் துகள்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடம் கிடைப்பதில்லை.

கிம் கிம் ஆற்றுச் சம்பவத்தில் கண்டறியப்பட்ட இரசாயனங்களின் பட்டியலைச் சுகாதார அமைச்சு வெளியிட்டது. மீத்தேன், தொலுவீன், சைலீன், எத்தில்பென்சீன், லிமோனீன், அக்ரோலின், அக்ரிலோநைட்ரில், ஹைட்ரஜன் குளோரைடு ஆகிய எட்டுப் பெயர்கள் அதில் இருந்தன. தொலுவீன், சைலீன், எத்தில்பென்சீன், லிமோனீன் ஆகிய நான்கும் எண்ணெயின் உறவினர்கள். ஒரு லிட்டர் நீரில் தொலுவீன் அரை கிராம் அளவே கரையும். உப்பின் 360 கிராமோடு ஒப்பிட்டால், இது ஏறக்குறைய கரையவே இல்லை என்றுதான் பொருள்.

அடுத்த கேள்வி, கரையாத பொருள் மூழ்குமா, மிதக்குமா என்பது. அதைத் தீர்மானிப்பது அடர்த்தி. ஒரு லிட்டர் நீரின் நிறை ஏறக்குறைய ஒரு கிலோகிராம். ஒரு லிட்டர் தொலுவீனின் நிறை 870 கிராமுக்குச் சற்றுக் குறைவு. லிமோனீன் இன்னும் இலேசு. 840 கிராம் அளவில் நிற்கும். ஆகவே இவை நீரின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படர்ந்து நிற்கும்.

ஆக, ஆற்றில் ஊற்றப்பட்டது கரையும் புளி அன்று. கரையாமல், மூழ்காமல், காற்றைப் பார்த்தபடி மேலே விரிந்து கிடந்த பொருள். பாட்டியின் கேள்விக்கு முதல் பாதி விடை இதுதான்.

கொதிக்காமலே ஆவியாகும்

திரவம் எப்போது வாயு ஆகும் என்று கேட்டால், ‘கொதிக்கும்போது’ என்றே பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. நம் வீட்டுக் கொடியில் காயும் துணியை யாரும் 100 பாகை செல்சியசுக்குச் சூடாக்குவதில்லை. 32 பாகை வெயிலிலேயே அது காய்ந்துவிடுகிறது. அதற்குப் பெயர் ஆவியாதல். கொதித்தலும் ஆவியாதலும் வேறு வேறு. கொதித்தல் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் திரவம் முழுவதிலும் நடக்கும். ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் திரவத்தின் மேற்பரப்பில் நடக்கும்.

ஏன்? திரவத்தில் உள்ள துகள்கள் அனைத்தும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில மெதுவாக நகரும்; சில வேகமாகப் பாயும். மேற்பரப்பில் இருக்கும் வேகமான துகள், தன்னைப் பிடித்திருக்கும் மற்றத் துகள்களின் பிடியை உதறிவிட்டுக் காற்றுக்குள் தாவிவிடுகிறது. பிடி தளர்வாக இருந்தால் தாவுவது எளிது. பெட்ரோல் நிலையத்தில் மூக்கைத் துளைக்கும் மணமும், சாயம் கலக்கப் பயன்படும் தின்னரின் மணமும் இப்படித் தாவி வந்த துகள்களே. இத்தகைய திரவங்களை மலாய்ப் பாடநூல் ‘மூடா மெருவாப்’ என்று அழைக்கிறது. தமிழில் ‘எளிதில் ஆவியாகும்’ பொருள் என்போம்.

சாதாரண நிலையில் அக்ரோலின் 53 பாகையிலும், அக்ரிலோநைட்ரில் 77 பாகையிலும், தொலுவீன் 111 பாகையிலும், எத்தில்பென்சீன் 136 பாகையிலும், லிமோனீன் 176 பாகையிலும் கொதிக்கின்றன. ஆறு 50 பாகைக்குச் சூடாவதில்லையே, பிறகு எப்படி என்று கேட்கத் தேவையில்லை. கொதிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை இப்போது அறிவோம். கொதிநிலை குறையக் குறைய, பொதுவாகத் துகள்களின் பிடி தளர்வாக இருக்கிறது. நம் வெயிலிலேயே அவை அதிகமாகத் தாவும்.

மீத்தேனும் ஹைட்ரஜன் குளோரைடும் இன்னும் ஒரு படி மேல். மீத்தேன் சுழியத்துக்குக் கீழே 161 பாகையிலும், ஹைட்ரஜன் குளோரைடு சுழியத்துக்குக் கீழே 85 பாகையிலும் கொதிப்பவை. நம் நாட்டு வெப்பத்தில் இவை பிறக்கும்போதே வாயுக்கள்.

ஆவியாதல் விரைவாக நடக்கத் தேவையான காரணிகளை நாம் தமிழ்ப்பள்ளியிலேயே கற்றோம். வெப்பம், காற்றோட்டம், பரப்பளவு ஆகிய மூன்றும்தான் அவை. துணியை மடித்துப் போடாமல் விரித்துப் போடு, வெயிலில் போடு, காற்று வரும் பக்கம் போடு என்று அம்மா சொல்வதும் அதுதான். கிம் கிம் ஆற்றில் இம்மூன்றும் ஒன்று சேர்ந்தன. மார்ச் மாத வெயில், வீசும் காற்று, நீரின் மேல் படலமாக விரிந்து கிடந்த கழிவு. ஒரு தோம்புக்குள் மூடிக் கிடந்திருந்தால் மாதக்கணக்கில் அடங்கியிருக்கக்கூடிய பொருள், ஆற்றில் ஊற்றியதால் காற்றேறிப் புறப்பட்டது. ஆற்றிலும் கரையிலும் அது எஞ்சியிருந்த வரையில் ஒவ்வொரு நண்பகலும் புதிதாக ஆவியை அனுப்பும். முதல் நாளோடு ஆபத்து ஓயாமல் பல நாள்கள் நீடித்ததை இந்த எளிய பாடத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

காற்றுக்கு வேலி இல்லை

திடத்துக்கு வடிவம் உண்டு. திரவத்துக்குப் பாத்திரத்தின் வடிவம் உண்டு. வாயுவுக்கு இரண்டும் இல்லை. கிடைத்த இடம் முழுவதையும் நிரப்பும். வாசலில் சாம்பிராணி போட்டால் பின்கட்டில் மணப்பதற்குக் காரணம் பரவல் எனும் பண்பு. துகள்கள் நெருக்கமான இடத்திலிருந்து நெருக்கம் குறைந்த இடத்துக்குத் தாமாகவே நகர்கின்றன. காற்று வீசினால் பயணம் இன்னும் விரைவாகும். பள்ளி வேலியும் பள்ளிச் சுவரும் வாயுவுக்குத் தடையல்ல. நம் நாட்டு வகுப்பறைகளில் காற்றோட்டத்துக்காகத் திறந்து வைத்த சன்னல்களே அதற்குப் பாதையாயின.

இங்கே ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தொலுவீன் முழுவதும் ஆவியானால், நம் வெப்பநிலையில் அது ஏறக்குறைய 230 லிட்டர் தூய ஆவியாக விரியும். அந்த ஆவி பத்து இலட்சம் பங்கு காற்றில் 100 பங்கு என்னும் அளவுக்குக் கலக்க வேண்டுமானால், 2,300 கன மீட்டர் காற்று தேவை. ஒரு வகுப்பறையின் கொள்ளளவு 200 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பதினொரு வகுப்பறைகளுக்கு அது போதும். நடைமுறையில் காற்று அடித்துக்கொண்டு போகும், கலந்து நீர்க்கும். கணக்கு இவ்வளவு நேராக இராது. ஆயினும் ஒரு லிட்டரின் கதையே இது என்றால், ஆற்றில் ஊற்றப்பட்டதோ தாங்கி லாரியில் வந்த கழிவு.

இன்னொரு பண்பையும் மறந்துவிடக் கூடாது. வாயுக்களுக்கும் அடர்த்தி உண்டு. மீத்தேன் காற்றைவிட இலேசானது. ஏறக்குறைய பாதி கனமே உடையது. தொலுவீனின் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. காற்றோட்டம் குறைந்த இடத்தில் இத்தகைய கனமான ஆவி மேலே எழுந்து கலைந்துவிடாமல் தரையை ஒட்டிப் படர முயலும். சிறுவர்களோ, உடல் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிப்பவர்கள். அதே காற்று, ஆனால் சிறு உடலுக்குள் அதிகப் பங்கு. குழந்தைகளே முதலில் சுருண்டு விழுந்ததில் வியப்பில்லை.

‘மணம் போய்விட்டது, இனிப் பயமில்லை’ என்று அந்நாளில் பலரும் சொல்லக் கேட்டேன். மூக்கு ஒரு நல்ல காவலாளி அல்ல. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு பழகிப்போய் உணர்த்துவதை நிறுத்திவிடும். மீத்தேனுக்கு மணமே கிடையாது. மணம் என்பது பொருளின் ஒரு பண்பு. நச்சுத்தன்மை என்பது வேறொரு பண்பு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்க முடியாது. அதனால்தான் தீயணைப்பு மீட்புத் துறையினர் கருவிகளைக் கொண்டு காற்றை அளந்தார்கள்.

பால்மரம் முதல் லிமோனீன் வரை

இதுவரை பார்த்தவை அனைத்தும் பௌதிக மாற்றங்கள். திரவம் ஆவியானது, ஆவி பரவியது. தொலுவீன் ஆற்றிலும் தொலுவீன்தான், காற்றிலும் தொலுவீன்தான். நிலை மாறியது, பொருள் மாறவில்லை. பொருளே மாறிவிடுமானால் அதன் பெயர் இரசாயன மாற்றம்.

இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் முன்னோர்கள் தோட்டங்களில் இதைத் தினமும் கையாண்டார்கள். மரத்திலிருந்து மங்கில் வடியும் பால், நீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துளிகளின் கூட்டம். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின்னாக ரப்பர். மீதி பெரும்பாலும் நீர். துளிகள் ஒன்றை ஒன்று தள்ளி நிற்பதால் பால் பாலாகவே இருக்கும். பார்மிக் அமிலம் சிறிது ஊற்றினால் அந்தத் தள்ளல் நீங்கித் துளிகள் ஒட்டிக் கட்டியாகிவிடும். ‘பால் உறையுதா பார்’ என்று தொட்டி அருகே நின்ற தலைமுறைக்கு இது பாடநூல் வழி வந்த அறிவு அல்ல; கைவழி வந்த அறிவு.

அந்த ரப்பரை இன்னும் நுணுகிப் பார்த்தால், ஐசோப்பிரீன் என்னும் சிறு கண்ணி ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி தென்படும். அதோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உறுதி பெறுகின்றன. சார்லஸ் குட்யியர் 1839இல் கண்டறிந்த இந்த முறையிலிருந்தே இன்றைய டயர் பிறந்தது. டயரைக் காற்றில்லாமல் கடும் வெப்பத்துக்கு உள்ளாக்கினால் கதை தலைகீழாகிறது. சங்கிலி துண்டு துண்டாக அறுந்து எண்ணெயாகவும் வாயுவாகவும் கரியாகவும் பிரிகிறது. இரண்டு கண்ணிகள் மட்டும் இணைந்த ஒரு துண்டுக்குப் பெயர் லிமோனீன். டயரிலிருந்து வரும் எண்ணெயில் லிமோனீனும் தொலுவீனும் சைலீனும் சேர்ந்தே இருக்கும்.

சுகாதார அமைச்சின் பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். அம்மூன்றும் அதில் இருக்கின்றன. இச்சம்பவத்தின் தொடர்பில், பழைய டயர்களைப் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றின் மீது 2019 மார்ச் மாதத்திலேயே நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கின் நியாயத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. பாட்டி காலத்தில் மங்கில் வெள்ளையாக வடிந்த அதே பொருளின் வழித்தோன்றல், பெயர்த்தி பெயரன் படிக்கும் பள்ளியின் காற்றில் பெயர் மாறி வரக்கூடும் என்பதே அது.

லிமோனீன் ஆரஞ்சுத் தோலிலும் எலுமிச்சைத் தோலிலும் இயற்கையாகவே உண்டு. பழத்தை உரிக்கும்போது கைகளில் மணப்பதும் அதுவே. ‘இயற்கை என்றால் நல்லது, இரசாயனம் என்றால் கெட்டது’ என்ற பேச்சு இங்கே பொருந்தாது. புளியும் இரசாயனமே, தண்ணீரும் இரசாயனமே. எந்தப் பொருள், எவ்வளவு, எந்த நிலையில், யாருடைய மூச்சில் என்பதே கேள்வி.

தொலைந்து போகாத பொருள்

பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் 1789இல் வெளியிட்ட தம் நூலில் இரசாயனத்தின் அடிப்படை விதி ஒன்றைத் தெளிவாக நிறுவினார். எந்த இரசாயன மாற்றத்திலும் மொத்த நிறை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எரித்தாலும், கரைத்தாலும், ஊற்றினாலும் பொருள் எங்கோ இருக்கத்தான் செய்யும். ‘தூக்கி எறி’ என்கிறோம். அறிவியலில் எறிவதற்கு என்று தனியாக ஓர் இடமே கிடையாது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

கிம் கிம் ஆற்றின் துப்புரவுப் பணியே இதற்குச் சான்று. ஆவியாகிப் போனது போக, மீதி நீரின் மேல் நின்றது. கரைச் சேற்றின் துகள்களில் ஒட்டிக்கொண்டது. ஆகவே நீரை மட்டும் அன்றி மண்ணையும் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு நடந்த அப்பணிக்குப் பல மில்லியன் ரிங்கிட் செலவாயிற்று. ஒரு லாரியில் ஒழுங்காக ஏற்றி, உரிய இடத்துக்கு அனுப்பியிருந்தால் ஆகியிருக்கும் செலவை மிச்சப்படுத்த நினைத்ததன் விலை அது. அந்த விலையைக் கொடுத்தவர்கள் மிச்சப்படுத்தியவர்கள் அல்லர். ஆற்றோரத்தில் படித்த பிள்ளைகள்.

உரிய இடம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. நெகிரி செம்பிலான், புக்கிட் நானாஸில் இத்தகைய கழிவுகளைப் பதப்படுத்தும் மையம் 1990களின் பிற்பகுதி முதல் இயங்கி வருகிறது. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன் கீழ் 2005இல் வந்த பட்டியலிடப்பட்ட கழிவுகளுக்கான விதிமுறைகளும், கழிவை யார் உண்டாக்கினாலும் அது எங்கே போகிறது என்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. 2024இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அபராதத்தின் உச்சவரம்பு 10 மில்லியன் ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. லவாய்சியரின் விதியை நாடாளுமன்றம் தன் மொழியில் எழுதியது என்றே இதைச் சொல்லலாம்: பொருள் தொலைந்து போகாது, ஆகவே அதற்குக் கணக்கு வேண்டும்.

ஆனாலும் சட்டம் இருப்பது மட்டும் போதாது என்பதை 2019 ஜூன் மாதம் காட்டியது. பாசீர் கூடாங்கில் மாணவர்கள் மீண்டும் மூச்சுத்திணறலுக்கு ஆளானார்கள். பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன.

நான்காவது கட்டம்

இங்கே நம் கடமை ஒன்று இருக்கிறது. அந்த மார்ச் மாதத்தில் அறிவிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்தன. இரசாயனப் பெயர்கள் புலனத்தில் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் பறந்தன. அவற்றோடு வதந்திகளும் பறந்தன. ‘கேஸ்’ என்றால் அடுப்புக்கு வரும் தோம்பு வாயு என்று மட்டுமே அறிந்த பெரியவர்களுக்கு, ஆற்றில் ஊற்றிய திரவம் எப்படிக் ‘கேஸ்’ ஆகும் என்பதை விளக்க ஆள் தேவைப்பட்டது. உண்மையில் அந்தத் தோம்பைத் தூக்கி ஆட்டினாலே விடை கிடைக்கும். உள்ளே தளும்புவது அழுத்தத்தால் திரவமாகிய வாயு; திறப்பைத் திருகியதும் மீண்டும் வாயுவாகி வெளியே வருகிறது. இதைத் தமிழில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்வதற்குத் தமிழும் அறிவியலும் ஒருங்கே தெரிந்தவர் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசியப் பள்ளி வழியாகப் பல்கலைக்கழகம் வந்த நம்மைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்? மூன்று மொழிகளில் ஒரே பாடத்தைப் படித்தது சுமை என்று அலுத்துக்கொண்ட நாள்கள் நமக்கு உண்டு. அது சுமையல்ல, பாலம் என்பதை இத்தகைய நேரங்களில்தான் உணர்கிறோம்.

நம் தமிழ்மொழிக் கழகங்கள் பலவும் வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு இலவச வகுப்புகள் நடத்துகின்றன. அங்கே பருப்பொருள் பாடம் வரும்போது திடம், திரவம், வாயு என்று மூன்று கட்டங்கள் வரைகிறோம். நான்காவதாக ஒரு கட்டம் வரையுமாறு கற்பிக்கும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதன் தலைப்பு: ‘இது எங்கே போகும்?’

பொரித்த எண்ணெயைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றினால் எங்கே போகும்? குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். மிஞ்சியது ஆற்றின் மேல் படலமாகும். மிச்சமான தின்னரைக் கால்வாயில் கொட்டினால் எங்கே போகும்? பாதி காற்றுக்கு, பாதி சேற்றுக்கு. கழிவறையில் வெளுப்பானையும் அமிலத் துப்புரவுத் திரவத்தையும் ஒன்றாக ஊற்றினால் என்ன ஆகும்? குளோரின் எனும் நச்சுவாயு பிறக்கும். இது பௌதிக மாற்றம் அல்ல, இரசாயன மாற்றம். கதவைத் திறந்து வைத்துவிட்டு உடனே வெளியேற வேண்டும். இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் நான்காவது கட்டத்தை நிரப்பப் பழகும் பிள்ளை, தேர்வில் விடை எழுதுவதோடு வீட்டில் உள்ளவர்களுக்கும் விடை சொல்லும்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்று தொழிற்சாலைகளில் பொறியாளர்களாகவும் ஆய்வகங்களில் அலுவலர்களாகவும் மேலாளர்களாகவும் பணிபுரிகிறீர்கள். கழிவுத் தோம்பு ஒன்று வாயிலைக் கடந்து வெளியேறும்போது, கையொப்பமிடும் இடத்தில் நீங்கள் இருக்கக்கூடும். அப்போது நான்காவது கட்டத்தை நிரப்பிய பிறகே கையொப்பமிடுங்கள்.

புளியை ஆற்றில் கரைத்தால் போன இடம் தெரியாமல் போகும் என்று நம் முன்னோர் சொன்னது, ஆறு பெரிதாகவும் நாம் ஊற்றியது சிறிதாகவும் இருந்த காலத்தில். இன்று ஆறு சிறுத்துவிட்டது. ஊற்றுவதோ கரையாத புளி. அது எங்கே போகும் என்பதை ஊற்றுமுன் கேட்கத் தெரிந்த தலைமுறையாக நம் தம்பி தங்கைகளை வளர்ப்போம்.